வியாழனுக்கு மறுநாள்

இது நடந்த லைன், அதாவது மில்லை ஒட்டிய வரிசை வீடுகள், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் சிங்காநல்லூரில் பஸ் இறங்கி, மூடிப்போன மில்லின் பின்சுவரை ஒட்டியே நடந்துபோய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்; போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு போங்கள், ஏனென்றால் அந்த லைன்காரர்களுக்கு வெறுங்கை என்றால் ஆகாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன பாத்திரம் எதுவும் வெறும் பாத்திரமாகத் திரும்பி வந்ததாக அங்கே சரித்திரமே கிடையாது. ஒப்புட்டு போன போசியில் முருங்கைக்காய் வரும், கறிக்குழம்பு போன கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் வரும், ஒன்றுமே இல்லாத வீட்டிலிருந்துகூட ஒரு பிடி சர்க்கரை அடியில் ஒட்டிக்கொண்டு வரும். இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனாலும் யாரும் தவறியதில்லை.

லைனுக்கு நடுவில் பொதுக்குழாய், குழாய்க்கு நேர் எதிர் வீடு வெள்ளிங்கிரியுடையது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்ந்தவர், மகா பிடிவாதக்காரர், அவசரத்துக்கு ஒரு ஸ்பேனர்கூட அடுத்த வீட்டில் இரவல் கேட்காதவர். அவருடைய சம்சாரம் பழனாத்தாள். புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று அந்தக் காலத்துப் பொம்பளைகள் எல்லோரும்தான் நம்பினார்கள், அதில் அதிசயமில்லை. ஆனால் பழனாத்தாள் அதைப் பிடித்த பிடி இருக்கிறதே, அது வேறு. வெள்ளிங்கிரி என்ற பேரில் முதலில் நிற்கிற வெள்ளியையும், அந்தச் சாயலில் வருகிற எந்தச் சொல்லையும் அவள் தொடமாட்டாள். காலில் கிடப்பது வெள்ளிக்கொலுசு என்று அவள் வாயில் வராது, பவுனில்லாத கொலுசு என்பாள். வெள்ளரிக்காய் அவளுக்குத் தண்ணிக்காய். பள்ளத்தில் வெள்ளம் வந்தபோது லைனே கூச்சல் போட்டுக்கொண்டு ஓட, அவள் மட்டும் "தண்ணி எச்சா வருதுங்" என்றுதான் கத்தினாள். வாரத்தில் வியாழக்கிழமை முடிந்தால் அவளுக்கு வருவது வியாழனுக்கு மறுநாள், அப்புறம் சனி. புருசனைக் கூப்பிட "ஏனுங்" என்ற ஒரு சொல் போதும். அவர் அவளைக் கூப்பிட "ஏ புள்ள" போதும். இருவருடைய பேரும் பீரோவுக்குள் மடித்துவைத்த கல்யாணப் புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தன.

பழனாத்தாளுக்கு மறதி வந்தது. முதலில் உப்பு ரெண்டு தடவை விழுந்தது, பிறகு செருப்பு ஃபிரிட்ஜுக்குள் போனது, பிறகு ஒரு மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு, மூடிப் பூட்டுத் துருப்பிடித்துக் கிடந்த மில் கேட்டில் போய், ஷிப்ட் முடிந்து வரப்போகிற புருசனுக்காக வேகாத வெயிலில் நின்றாள். ஓசூரில் இருந்த மகன் போனில், "வயசானா அப்படித்தானுங்ப்பா" என்றான். வெள்ளிங்கிரியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார், அதாவது நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். மில் கேட்டிலிருந்து அவளைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த ராபின்தான், லைனின் கடைசி வீட்டுக்காரன், "ஐயா, இது வயசு இல்லீங்க, சீக்கு. எங்க மாமியாருக்கு இருந்துச்சு. வாங்க போலாம்" என்று பிடித்த பிடியாகப் பெரியாஸ்பத்திரி முதியோர் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், அவசரப்படாதவர். மூன்று சொல் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பழனாத்தாள் மூன்றையும் அப்போதே திருப்பிச் சொன்னாள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது, "சொல்லவே இல்லீங்களே" என்றாள். கடிகாரம் வரையச் சொன்னார்; வட்டம் நன்றாக வந்தது, எண்கள் எல்லாம் டவுன் பஸ்ஸின் முன்வாசலில் கூட்டம் ஏறுகிற மாதிரி ஒரே பக்கமாக ஏறிக்கொண்டன. அப்புறம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

"வியாழனுக்கு மறுநாளுங்."

டாக்டர் ஏதோ எழுதினார். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

பழனாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து நின்றது, பேர் வரவில்லை. டாக்டர் காத்திருந்தார், மறுபடி கேட்டார், மறுபடி எழுதினார். வெள்ளிங்கிரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங் டாக்டரம்மா, அதத் தப்புன்னா போட்டீங்க? அது மறதியில்லீங். மரியாதைங். என்ற பேர்ல வெள்ளி இருக்குதுங், அதனால கெழமையும் சொல்லமாட்டா, என்ற பேரும் சொல்லமாட்டா. அவளுக்குத் தெரியும்ங். நல்லாத் தெரியும்ங்."

டாக்டர் சிரிக்கவில்லை. முழுதாகக் கேட்டார், தண்ணிக்காய் வரைக்கும் கேட்டார், எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். "ரெண்டையும் சரின்னே போட்டுட்டேன் ஐயா," என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ஆனா அந்த ரெண்டையும் சேத்தாலும் போதலைங்க."

ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், வேறு எதனாலும் இல்லை என்று ஆன பிறகு டாக்டர் அந்த நோயின் பேரைச் சொன்னார். டிமென்ஷியா. மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், போனதைத் திருப்பிக் கொண்டுவராது என்றார். அவங்க சொல்றது தப்பா இருந்தாலும் சண்டைக்கு நிக்காதீங்க. வீட்டுக்குப் போகணும்னு வீட்டுக்குள்ள இருந்தே கேப்பாங்க, ஒரு சுத்து கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. சாமான் எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கட்டும். முக்கியமா, இது தெரியுதா அது தெரியுதான்னு தெனமும் பரீட்ச வைக்காதீங்க என்றார். கடைசியாக, "நீங்க எப்பங்க ஐயா தூங்கறீங்க?" என்று கேட்டார். வெள்ளிங்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது. சீக்கு அவளுக்கு, கேள்வி எனக்கா? "நான் நல்லாத்தானுங் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார், வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

சொன்னதையெல்லாம் கேட்டார், ஒன்றைத் தவிர. ஒவ்வொரு நாளும் பொழுதோட விளக்குப் போட்டதும் அவள் எதிரில் உட்கார்ந்து, "நான் ஆரு, சொல்லு பாக்கலாம்" என்று பரீட்சை வைத்தார். அவள் தலையைக் குனிந்து முந்தானையைச் சுருட்டுவாள். அவருக்கு உயிர் வரும். தெரிகிறது, தெரிவதால்தான் சொல்லவில்லை என்று எழுந்து போய்ச் சட்டியைக் கழுவுவார். ஆனால் சொல்லாத பேரும் மறந்துபோன பேரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். அந்தச் சந்தேகம் தலைகாட்டும்போதெல்லாம் சட்டியை இன்னும் அழுத்தித் தேய்ப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் வெடியால பழனாத்தாள் அடுப்புக்கு முன்னால் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். நின்ற அந்த நேரத்தில் குழாய்க்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அரிசீம்பருப்பு சோறு வேகிற வாசம் வந்தது. வெள்ளிங்கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அது அவர் வீட்டு வாசம், சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, சீரகத்தைக் கடைசியில் கசக்கிப் போட்டு, பழனாத்தாள் கையில் தவிர வேறு எங்கும் அவர் மோந்திராத வாசம். போய்ப் பார்த்தால் அடுப்படியில் நிற்பது செல்வநாயகி, இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், யாருக்கு என்றாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிற கை.

"என்னமோ தெரீலீங்ணா," என்றாள், கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "வெடியால எந்திரிச்சதும் கைக்கு வந்துருச்சு. அக்காளோட கைப்பக்குவம்ங், அச்சு அசல். அக்காகிட்ட இருந்து போயிருச்சாட்ட இருக்குது."

"ம்" என்றார் வெள்ளிங்கிரி. செல்வநாயகி ஒரு போசியில் போட்டுக் கொடுத்தாள். பழனாத்தாள் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "ஆருங் ஆக்குனது? எங்கம்மா ஆக்குனாப்பலயே இருக்குதுங்" என்று முகம் மலர்ந்தாள். திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள், பக்குவம் அவளுக்குத் திரும்பிப் போகவில்லை. போனது போனதுதான், ஆனால் எதிர்வீட்டில் பத்திரமாக இருந்தது.

அதற்கப்புறம் அவள் உதிர்த்தது ஒவ்வொன்றும் லைனுக்குள்ளேயே போய் விழுந்தது. அமாவாசை கிருத்திகையும், எந்தச் செவ்வாய்க்கு எந்தக் கோலம் என்பதும் மளிகைக்கடை மீரான் பாய்க்கு வந்து சேர்ந்தன. அவர் பாவம், தொழுகையை முடித்துக்கொண்டு கடையைத் திறந்ததும், "நாளைக்குக் கிருத்திகைம்மா, மறந்துறாதீங்க, முருங்கக்கீரை வாங்கி வெச்சுக்குங்க" என்று வருகிற பொம்பளைகளுக்கெல்லாம் ஞாபகப்படுத்த ஆரம்பித்தார். அவர் பீவி, "ஏங்க, இதென்ன புதுசா?" என்று கேட்டதற்கு, "புதுசு இல்ல, பழனாத்தாக்காவோடது. நம்மகிட்டக் குடுத்து வெச்சிருக்குது" என்றார். லைனில் இருந்தவர்கள் காலண்டர் கிழிப்பதை விட்டுவிட்டு பாய் கடையில் விசாரித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். பல்வலி வந்தவன் கிராம்பு கேட்பதைப்போல ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்கள்.

எல்லாமே சிரிக்கிற மாதிரி இருக்குமா? ராபின் ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, சவாரிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, மத்தியானம் வரைக்கும் அழுதான். என்னவென்று கேட்டவர்களிடம், நெஞ்சில் பால் கட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது, குடிக்கப் பிள்ளை இல்லை என்றான். சாயங்காலம் வெள்ளிங்கிரி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, உங்களுக்கு மொதல்ல ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சுங்களா?"

அந்தப் பிள்ளையைப் பற்றி வெள்ளிங்கிரியும் பழனாத்தாளும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் அன்றைக்கு ஷிப்டில் இருந்தார், வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி ஒரு சொல் எடுக்காததால் மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார்.

"கண்ணத் தொறந்து பாத்துச்சுங்க ஐயா," என்றான் ராபின். "வலது காது மடல்ல சின்னதா ஒரு மடிப்பு. அம்மா அதத் தடவிக்கிட்டே இருந்தாங்க. பேரு வெச்சிருந்தீங்களா?"

"வெக்கறதுக்குள்ள போயிருச்சு."

ராபின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பழனாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து, கொத்தமல்லித் தழையை ஆய்ந்துகொண்டிருந்தாள், கல்யாணத்துக்கு முந்திய ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு, நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லாமல். அத்தனை வருசமும் அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் இருந்ததே வெள்ளிங்கிரிக்கு அது இல்லாமல் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அவருக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது, ராபின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"திருப்பிக் குடுத்தரலாமான்னுதான் வந்தேன்," என்றான் ராபின். "வேண்டாங்க ஐயா. எங்கிட்டவே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்." அந்த வருசம் கல்லறைத் திருநாளுக்குத் தன் அப்பன் ஆத்தாளுக்கு ஏற்றிய மெழுகுவத்திகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று அதிகமாக ஏற்றினான்.

இப்படி வீட்டுக்கு வீடு ஒன்று வந்து சேர்ந்த பிறகு குழாயடியில் பேச்சு எழுந்தது. வந்ததை என்ன செய்வது? இரவல் சாமானா, இனாமா? மீரான் பாய்தான், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அந்தக்கா ஊட்டுல இருந்து ஒரு போசி வந்தா வெறும் போசியாவா திருப்புவோம்?"

அவ்வளவுதான், அது தீர்ந்தது. மறுநாளிலிருந்து கைப்பக்குவம் வாங்கிய செல்வநாயகி வெடியால வந்து பழனாத்தாளுக்குத் தலைக்குத் தண்ணி வார்த்து, சடை பின்னிவிட்டாள். பாய் மத்தியானம் கடையைச் சாத்துகிற நேரத்தில் வந்து, அரிசியில் கல் பொறுக்கச் சொல்லி ஒரு முறத்தைக் கொடுத்து எதிரில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசினார். கல்லே இல்லாத அரிசி அது, அவர் கடையில் பாக்கெட் பிரித்தது, ஆனால் அவள் கைக்கு வேலை வேண்டுமே. ராபின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்தான்.

வெள்ளிங்கிரிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ற ஊட்டுப் பொம்பளையப் பாத்துக்க எனக்குத் தெரியும். ஆரும் வரவேண்டாம்" என்று கதவைச் சாத்தினார். சாத்திய மூன்றாம் நாள் பழனாத்தாள், "ஊட்டுக்குப் போலாமுங், நேரமாச்சுங்" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க, இதுதான் வீடு இதுதான் வீடு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, அவர் கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஆனால் அவள் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், அதைப் பார்த்ததும் அவர் அந்தக் கையைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை, தலை சுற்றியது. சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த செல்வநாயகி போட்டாள் ஒரு போடு.

"ஏனுங்ணா, அக்காளுது எல்லாம் எங்ககிட்ட வந்து சேருது, நாங்க வாங்கிட்டுச் சும்மா இருக்கோணுமா? எங்களப் பாத்தாத் திருட்டுக்கூட்டமாட்டத் தெரியுதா? எங்க மரியாதையக் கெடுக்காதீங்ணா. போயிப் படுங். நல்லாத் தூங்கி எந்திரிங்."

அவர் படுத்தார். அவள் பழனாத்தாளின் கையைப் பிடித்து, "வாங்க்கா, ஊட்டுக்குப் போலாம்" என்று லைனை ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போய், அதே வாசலில் கொண்டுவந்து விட்டு, "ஊடு வந்துருச்சுங்க்கா" என்றாள். "வந்துருச்சு சாமி" என்று பழனாத்தாள் நிம்மதியாகச் செருப்பைக் கழற்றினாள். அன்றைக்கு அப்புறம் அந்தக் கதவு பகலில் சாத்தியதில்லை.

வெள்ளிங்கிரிக்குத் தூக்கம் கிடைத்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் குடியேறியது. சமையல் போயிற்று, சாமி நாள் போயிற்று, பெற்ற பிள்ளை போயிற்று. ஒவ்வொன்றும் யார் வீட்டிலோ போய் விடிகிறது. ஒரு நாள் நானும் விடிவேனே? அவளுக்குள் இருக்கிற நான், ஷிப்ட் முடிந்து எண்ணெய்ச் சட்டையோடு வருகிற நான், எவன் வீட்டிலாவது போய் விழுந்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் நான் யார்? வெடியால குழாயடிக்குப் போனால் ஒவ்வொருவர் முகத்தையும் திருட்டுத்தனமாகப் பார்ப்பார், எவனாவது தன்னைப் பொண்டாட்டி பார்க்கிற மாதிரி பார்க்கிறானா என்று. பரீட்சையையும் விடவில்லை. "நான் ஆரு?" அவள் தலை குனிவாள். ஆனால் உதட்டோரச் சிரிப்பு நாளாக நாளாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. "அந்தப் பேச்ச உடுங்ணா, அக்காளத் தெனமும் பள்ளிக்கூடத்துல நிக்க வெச்சாப்பல நிக்க வெக்கறீங்களே" என்று செல்வநாயகி திட்டுவாள். அவர் விடவில்லை, விட முடியவில்லை.

லைனில் ஒன்றுமே வராதவர் ஒருவர் இருந்தார், மில்லில் கேட் வாட்ச்மேனாக இருந்த தண்டபாணி. மீசை காதைத் தொடும், குரல் மெயின் ரோட்டைத் தொடும். வெடியால குழாயில் தண்ணி வந்ததும், "வெள்ளிங்கிரீ! ஏ வெள்ளிங்கிரீ! தண்ணி வந்துருச்சு!" என்று அவர் போடுகிற சத்தத்தில்தான் லைன் கண் விழிக்கும். எல்லோருக்கும் ஏதாவது வந்துவிட்டது, தனக்கு மட்டும் வரவில்லை என்று அவருக்கு ஒரே மனத்தாங்கல். "அந்தம்மாளுக்கு நான் என்னப்பா கொற வெச்சேன்? ஒரு ரசம் வெக்கறதாச்சும் வந்திருக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார்.

ஒரு நாள் வெடியால குழாயில் தண்ணி வந்தது, சத்தம் வரவில்லை. லைன் தானாக எழுந்து, என்ன ஆச்சு தண்டபாணிக்கு என்று குடத்தோடு வந்து பார்த்தால், அவர் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை பெரிய ஆள் தோள் துண்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிங்கிரி வாளியோடு வெளியே வந்ததும் அவர் முகம் சிவந்து, தலை குனிந்தது.

"ஏனுங்," என்றார் தண்டபாணி, எலி கத்துகிற குரலில். "தண்ணி வந்துருச்சுங்."

லைன் கொல்லென்று சிரித்தது. "ஏனுங்ணா, என்னாச்சுங்? பேரச் சொல்லிக் கூப்புடுங், பாப்போம்" என்றாள் செல்வநாயகி.

"அது... இவீங்க பேரு..." தண்டபாணிக்கு வியர்த்தது. "தெரியுது. நாக்கு நுனீல நிக்குது. சொல்ல வாயத் தொறந்தா ஒரே வெக்கமா இருக்குதும்மிணி. பயமாவும் இருக்குது. சொன்னா இவீங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு தோணுது."

"சரி, அத உடுங். இன்னைக்கு என்ன கெழமைங்?" என்று பாய் கேட்டார்.

தண்டபாணி விழித்தார், துண்டை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். "வியாழனுக்கு மறுநாளுங்" என்றார்.

சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் வெள்ளிங்கிரியின் கையிலிருந்து வாளி விழுந்துவிட்டது. அவர் குழாய் மேடையில் உட்கார்ந்து, ஈரத்தில் உட்கார்ந்தது தெரியாமல் உட்கார்ந்து, வெறித்துப் பார்த்தார். "போச்சு," என்றார். "நான் போயிட்டேன். அவகிட்ட இருந்து நான் போயிட்டேன். இனி உள்ள போயி ஆருன்னு சொல்லிட்டு நிப்பேன்?" ராபின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தண்டபாணி தான் ஏதோ பாவம் செய்துவிட்டதைப்போல மீசை தொங்க நின்றார். தண்ணி பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

செல்வநாயகிதான் யோசித்தாள். இடுப்பில் குடத்தோடு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி யோசித்தாள். "இருங். இருங் சித்த. தண்டபாணிண்ணனுக்கு உங்க பேரு புதுசாவா வந்துச்சு? அவருக்கு அது முன்னாலயே தெரியுமே, தெனமும் ஊரக் கூட்டறாரே. இப்ப வந்தது பேரு இல்லீங்ணா."

"பின்ன?"

"சொல்லக்கூடாதுங்கறது வந்திருக்குதுங். வெக்கமும் பயமும் வந்திருக்குதுங். அதுதான அக்காகிட்ட இருந்து..." அவள் முடிக்கவில்லை.

முடிக்கவில்லை, ஏனென்றால் எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. லைனுக்குத் தெரிந்த குரல், லைன் ஒரு நாளும் கேட்காத சொல்.

"வெள்ளிங்கிரீ!"

தண்டபாணி காதைப் பொத்திக்கொண்டார். மறுபடி வந்தது, இன்னும் பலமாக, அத்தனை வருசம் வாய்க்குள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து. "வெள்ளிங்கிரீ! ஏ வெள்ளிங்கிரீ!"

வெள்ளிங்கிரி எழுந்தார். அவர் எழுந்ததும் லைன் தானாக வழி விட்டது. வாசலில் பழனாத்தாள் நின்றிருந்தாள், செல்வநாயகி பின்னிவிட்ட சடை கலைந்து, கண்ணில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் வெளிச்சத்தோடு. நடந்து வருகிறவரை அவள் தலைகுனியாமல் நேராகப் பார்த்தாள். அப்படி அவள் அவரைப் பார்த்ததே இல்லை.

"நீங்கதான் வெள்ளிங்கிரியா?"

"ஆமா."

"நல்ல பேரு," என்றாள். அவர் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், எங்கேயோ பார்த்த ஆளைப் பார்ப்பதுபோல. யார் என்று அவளுக்குத் தெரிந்ததா, புருசன் என்று தெரிந்ததா என்று கேட்டால் அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் அடுத்தது அவள் சொன்னதை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "எம்புட்டு நாளாச் சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தேன் தெரியுங்களா? சொல்லவே உடல."

நான் ஆரு என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம் வெள்ளிங்கிரிக்கு வரவே இல்லை. பரீட்சை முடிந்துவிட்டது, அவள் ஜெயித்துவிட்டாள். அவள் அவருடைய நனைந்த வேட்டியைப் பார்த்தாள், கொஞ்சம் சிரித்தாள், உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

"இன்னொருக்காக் கூப்புடட்டுமா?"

"கூப்புடு, பழனாத்தா" என்றார். அந்தப் பேரை அவரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார்.

அவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். "வெள்ளிங்கிரீ!"

அந்த வீட்டில் புருசன் பேருக்குப் பதிலாக ஒரே ஒரு சொல்தான் இத்தனை காலமும் இருந்தது. அது அவளுடையது. இப்போது யாரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"ஏனுங்" என்றார் வெள்ளிங்கிரி.